உள்ளே யாரும் இல்லை, யோஷி

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப்போவதில்லை. 1992 ஆகஸ்ட் 14, பகல் ஒன்று இருபதிலிருந்து மூன்று மணி வரை. நள்ளிரவு இல்லை, நாய் ஊளையிடவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது, சில்வண்டு கத்தியது. பேய்க்கும் பகல் ஷிப்டு உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் பெயர் தோகாஷி. அகிதாவில் ஒரு செம்பு உருக்காலையில் வேதியியலாளன். கழிவிலிருந்து பல்லேடியம் எடுப்பது என் வேலை. பழைய மின்பலகை, கார்ப் புகைக்குழாய், பல்லுக்குப் போட்ட உறை, எது வந்தாலும் அமிலத்தில் கரைத்து ஒரு தனி எண்ணெயோடு கலக்குவோம். மற்றதெல்லாம் அமிலத்திலேயே கிடக்க, பல்லேடியம் மட்டும் எண்ணெய்க்குத் தாவிவிடும். அவ்வளவுதான் வித்தை.

அந்த எண்ணெய்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் மிகாமி. சிரித்தால் நான்கு வெள்ளிப் பற்கள் தெரியும். "இதுக்குள்ளேயும் நம்ம பல்லேடியம்தான், தோகாஷி சான். கம்பெனி சொத்து. செத்தா திருப்பிக் குடுத்துடறேன்" என்பார். போன செப்டம்பரில் அந்தத் தொட்டிக்குள்ளேயே செத்தும் போனார்.

எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் குஜோவுக்கு உலோகம் எடுப்பது போதவில்லை. பல்லேடியத் தகடு ஒன்றைக் கனநீரில் முக்கி மின்சாரம் பாய்ச்சினார். குடுவை சூடானது. மின்சாரம் பாய்ச்சினால் வெந்நீர்க் கெண்டியும்தான் சூடாகும். ஆனால் அவர், உள்ளே அணுக்கருக்கள் உலையே இல்லாமல் இணைகின்றன என்றார். "குடுவைக்குள்ள சூரியனைப் பிடிச்சு வெச்சிருக்கேன், தோகாஷி." மேசை விளக்கைப் போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

பதினேழாம் தேதி பத்திரிகைக்காரர்கள் வருவதாக இருந்தது. அதற்குள் ஒரு சோதனை முடித்து நான் கையெழுத்திட வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சூடு தங்குகிறதா? இந்தத் துறையில் அதற்குப் பெயர், 'மரணத்துக்குப் பிந்தைய வெப்பம்'. தங்கினால் குஜோ உலகப் புகழ். ஆறினால் ஆய்வகத்துக்குப் பூட்டு, எனக்கு உலைக்கூடம். எதுவானாலும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவது என்று உறுதியாக இருந்தேன். ஒரு முறை பார்க்காமல் சொன்னதே ஆயுசுக்கும் போதும்.

ஓபோன் விடுமுறை. செத்தவர்கள் வீடு திரும்பும் நாட்கள். உயிரோடு இருப்பவர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். வாசலில் காவலாளி கசாய் மட்டும் வானொலியில் பள்ளிக்கூடப் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்தார்.

1:20. மின்சாரத்தை நிறுத்தினேன். சுவிட்சை விரலால் சுட்டி, "மின்சாரம் இல்லை, யோஷி" என்றேன். யோஷி என்றால் சரி. எங்கள் ஆலையில் எதையும் சுட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூட ஒருவர் இருந்தால் அவரும் தன் கண்ணால் பார்த்துவிட்டுப் பதிலுக்கு யோஷி சொல்ல வேண்டும்.

குடுவை 62 டிகிரி.

1:50. 55 டிகிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. சூரியன் அஸ்தமனம்.

2:10. 61 டிகிரி.

சிரிப்பு நின்றது. சுவிட்சைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. செருகியையே பிடுங்கி மேசைமேல் வைத்தேன்.

2:20. 67.

எண்ணெய் வாடை வந்தது. தொட்டிக்கூடத்து எண்ணெய். ஆய்வகக் கட்டடத்தில் அதில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. திரும்பினேன். கதவோரம் அதுவரை என் வெளிக் காலணி மட்டும்தான் இருந்தது. இப்போது பக்கத்தில் இன்னொரு ஜோடி... ரப்பர் பூட்ஸ். ஈரமாக.

2:31. நடையிலிருந்து ஒரு குரல்.

"குழாய் மூடியாச்சு... யோ...ஷி."

"யோஷி" என்றேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிறகுதான் உறைத்தது. அப்படி இழுத்துச் சொல்பவர் ஆலையில் ஒருவர்தான், மிகாமி.

"எண்ணெய் வடிச்சாச்சு... யோ...ஷி."

கதவருகே. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"உள்ள... யாரும் இல்ல."

அத்தோடு நின்றது. அந்த முறை யோஷி இல்லை. அதை நான் சொல்ல வேண்டுமாம்.

போன செப்டம்பர் மூன்றாம் தேதி இதே வார்த்தையை ஷிப்டு ஆள் ஒருவர் கூவினார். தொட்டி கழுவி முடிந்திருந்தது. எட்டிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய இரண்டாமவர் நான். குஜோவின் சுற்றறிக்கையில் எழுத்துப்பிழை தேடி ரசித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் "யோஷி" என்றேன். மூடி இறங்கியது. உள்ளே இருக்கும் காற்றை விரட்ட நைட்ரஜன் திறந்தது. மறந்துவிட்ட துடைப்புத் துணியை எடுக்க மிகாமி உள்ளே இறங்கியிருந்தார். 'விதிப்படி பதில் சொல்லப்பட்டது' என்று விசாரணையில் எழுதினார்கள். நான் கையெழுத்திட்டேன்.

2:40. 78 டிகிரி.

"உள்ள யாரும் இல்ல..."

இப்போது என் தோளுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. விரலை நீட்டினேன். குனிந்து குடுவைக்குள் பார்த்தேன்.

தகட்டின்மேல் குமிழ்கள். மின்சாரம் இல்லாமல்... விட்டுவிட்டு... மூச்சு விடுவதுபோல்.

"உள்ள ஒருத்தர் இருக்கார்" என்றேன்.

சில்வண்டு நின்றது.

"யோ...ஷி."

குரல் குடுவைக்குள்ளிருந்து வந்தது.

குமிழ்கள் நின்றன.

3:00. 31 டிகிரி. கதவோரம் ஒரு ஜோடி காலணிதான். தரையில் ஈரம் இருந்தது.

வாசலுக்கு ஓடி, யாராவது உள்ளே வந்தார்களா என்று கசாயிடம் கேட்டேன். அவர் வானொலியிலிருந்து காதை எடுக்கவில்லை. "யாரும் வரல. ஏழுக்கு ஒண்ணு. நம்ம பசங்க அவுட்டு."

பதிவேட்டில் வெப்பநிலைகளை அப்படியே எழுதினேன். 'காரணம்' என்ற இடத்தில் 'உள்ளே ஒருவர் இருக்கிறார்' என்று எழுதினேன். குஜோ அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'அணுக்கரு இணைவு' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். நான் போடவில்லை. அதற்குப் பதிலாகப் போன வருட விசாரணைக்கு ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். பார்க்காமல் பதில் சொன்னவன் நான் என்று. அந்த மாதமே உலைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

காகிதங்களை ஒப்படைத்த அன்று அந்தத் தகட்டின் அட்டை கையில் கிடைத்தது. மாதிரிக்காகத் தனியே எடுத்த உலோகம், இரண்டு கிராம். மூலப்பொருள்: நகராட்சித் தகனக்கூடச் சாம்பல், 1991 செப்டம்பர் முதல் வாரம். வீட்டார் எலும்பைப் பொறுக்கிக்கொண்ட பிறகு மிஞ்சுவதில் உலோகம் இருந்தால், நகராட்சி அதை எங்களுக்குத்தான் விற்கும். தகனக்கூடத்துக்குப் போன் செய்தேன். சின்ன ஊர். அந்த வாரம் அங்கே எரிந்தது ஒரே ஒருவர்.

அட்டையின் கடைசி வரி, 'பிரித்தெடுத்தவர்'. அங்கே என் கையெழுத்து இருந்தது.

அதையும் பார்க்காமல்தான் போட்டிருக்கிறேன்.