தறிக்குழிக்குச் சாய்த்த குழாய்

செவிலிமேட்டு வீட்டுக் கூடத்தில் என் மகன் அட்டையையும் மைதாப் பசையையும் வைத்துச் செல்போனுக்குக் குழாய் ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்தான். அதன் வாயை இன்னும் கீழே சாய்க்கும்படி மூன்று முறை சொன்னேன்.

"தரையிலயா உக்காந்து கேக்கப் போறோம்? வுடுப்பா," என்றான்.

பசையின் புளித்த வாடை என்னைச் சின்ன காஞ்சிபுரத்து வீட்டுக்குக் கொண்டுபோனது. அம்மா தறிக்குழியில் கால்களை விட்டு உட்கார்ந்து நெய்வாள். ஊடைநூலோடு நாடா இங்கும் அங்கும் ஓடும் சத்தத்தில் ரேடியோப் பாட்டு பாதிகூட அவள் காதுக்கு வராது. சேலைக்கு டிசைன் போட்டுத் தேய்ந்த ஜக்கார்டு அட்டைகளை அப்பா எடுத்து, ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி அடைத்து, ரேடியோவுக்கு ஒரு குழாய் செய்தார்.

"கேக்குதா?"

"எனக்குப் பாடுதா, கூரை ஓட்டுக்குப் பாடுதா? இன்னும் எறக்குங்க."

அவர் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். மறுபடியும் "கேக்குதா?" என்றார். அம்மா நெய்தபடியே பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டது அன்றுதான் முதல்முறை.

மகன் சலித்துக்கொண்டே குழாயைச் சாய்த்தான். முட்டி வலியைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தேன். பாட்டில் ஒரு சொல்கூட விடாமல் கேட்டது. கூடப் பாடத்தான் ஆளில்லை.