பங்கஜம் டீச்சர் அறுத்த புத்தகங்கள்

காலையில் நூலகத்தைத் திறந்து அன்றைய செய்தித்தாள்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். பெண்கள் பள்ளியின் பியூன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மேடம், நம்ம டிராயிங் டீச்சர் போய்ட்டாங்க. விடிகாலைல. பதினோரு மணிக்கெல்லாம் எடுத்துடறாங்களாம்" என்றார். "சரி" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு பத்திரிகைகளுக்கு முத்திரை குத்தினேன். மூன்றாவதில் தேதி தலைகீழாக விழுந்தது.

பங்கஜம் டீச்சரை உங்களில் பலருக்குத் தெரியும். சிலர் அவரிடம் படம் வரையக் கற்றவர்கள். சிலர் "புஸ்தகத்த அறுக்கற அம்மா" என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள். நான் முதலில் அவருடைய சிநேகிதி. அப்புறம் ஏறக்குறைய பத்து வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவள். பள்ளி மலருக்காக அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அவருடைய நல்லதைச் சொன்னால் என்னுடைய கெட்டதும் கூடவே வரும். வரட்டும், எனக்கு இனிமேல் என்ன மானம்!

எழுபதுகளின் நடுவில் அவர் ஆரணியிலிருந்து மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தார். அந்தச் சமயத்தில் எங்கள் நூலகத்தில் கரையானும் ராமபாணப் பூச்சியும் தின்றுபோட்ட புத்தகங்களைக் கழித்துக்கட்ட உத்தரவு வந்திருந்தது. பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் 'கழிவு' என்று முத்திரை குத்தி, எரித்துவிட வேண்டும். பின்கட்டில் நான் குவித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார். "எரிக்கறதுக்கு பதிலா எனக்குக் குடுத்துடுங்களேன்" என்றார். எதற்கு என்றேன். "படம் பண்ணப் போறேன்."

பெரிய தெருவை ஒட்டிய சந்தில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். முழு பிளேடால் ஒரு தடித்த புத்தகத்தின் நடுவே குழி தோண்டிக்கொண்டிருந்தார். காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஜாதி நாம். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைப் பிரிக்கக்கூடப் பயப்படுவோம். "ஐயையோ, என்னங்க இது, பாவமில்லையா?" என்று கத்தினேன். அவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மேடம், படிக்காம கிழிச்சா கொலை. முதல் பக்கத்துலேருந்து கடைசி பக்கம் வரைக்கும் படிச்சிட்டுக் கிழிச்சா கருமாதி. நான் கருமாதிதான் பண்றேன்."

அது வெறும் பேச்சில்லை. பூச்சி அரித்து எழுத்துப் பாதி போன புத்தகத்தைக்கூட ஒரு வரி விடாமல் படித்து, கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் பிளேடை எடுப்பார். அறுத்த தாள்களை டீத்தண்ணீரில் நனைத்து உலர்த்துவார். பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசையில் பலகைமேல் அடுக்கடுக்காக ஒட்டுவார். நூல், துணிக்கிழிசல், குங்குமம், மலையடிவாரத்துச் செம்மண் எல்லாம் அதில் ஏறும். கறுப்புக்கு மட்டும் கடை மை கிடையாது. கார்த்திகை முடிந்து கோயிலில் கொடுக்கும் தீப மையைத்தான் குழைப்பார். நெற்றியில் இட வேண்டியதைப் படத்தில் பூசுகிறாளே என்று தெருவில் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். கறுப்பு மலை, அதன் மேல் மழையாகக் கிழிந்த அச்சு வரிகள், குழிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஒற்றைச் சொல். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் தேடிவந்து வாங்கிப்போனார்கள். நம் ஆட்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். "வெள்ளத்தாளு யாரையும் ஒண்ணும் பண்ணாதுங்க. எழுதின தாளுதான் திரும்பி நம்மளப் பாக்கும்" என்று ஒருமுறை சொன்னார். அப்போது நான் கிண்டல் செய்தேன். கிண்டல் செய்த வாய்க்குக் கிடைத்தது பின்னால்.

இங்கே என் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் யாரிடமும் சொல்வதில்லை. பங்கஜம் டீச்சரிடமும் சொல்லியிருக்கவில்லை. வசந்தி எனக்கு ஒரே பெண். பள்ளிவிட்டு நேராக நூலகத்துக்கு வந்து, நான் பூட்டும்வரை குழந்தைகள் அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து படிப்பாள். கையில் ஒரு துண்டுப் பென்சில். கதையில் வருகிறவர்களோடு பேசுவாள், பக்கத்தின் ஓரத்தில். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். 'போகாதே, அடுத்த பக்கத்துல புலி இருக்கு' என்று எழுதியிருந்தாள்.

"கவர்மெண்டு புஸ்தகத்துல எழுதுவியா?" என்று முட்டியில் ஸ்கேலால் இரண்டு போட்டேன். அவள் அழவில்லை. "அவனுக்குத் தெரியாதும்மா. நான் அடுத்த பக்கம் படிச்சிட்டேன், அவன் படிக்கல" என்றாள். அந்த வருஷமே மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். அவளுக்கு ஒன்பது வயது.

அதன் பிறகு குழந்தைகள் புத்தகம் எதையும் நான் பிரிப்பதில்லை. வெளியே கொடுக்கும்போது பின்னட்டையைத் தூக்கி தேதிச் சீட்டில் முத்திரை, திரும்பி வந்தால் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து அலமாரியில் செருகல், அவ்வளவுதான். கழிவுப் பட்டியல் போட்டபோதும் அப்படியே செய்தேன். முதுகு அரித்திருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு, முன்னட்டையை அரை அங்குலம் தூக்கி முத்திரையை அழுத்தினேன். புலிக் கதையும் அதில் இருந்தது. என் பெண்ணின் எழுத்திருந்த புத்தகத்தை என் கையாலேயே கழித்து, கட்டுக்கட்டி, தூக்கிக் கொடுத்தேன்.

பள்ளி ஆண்டுவிழாவில் டீச்சரின் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். மூன்றாவது படத்தின் எதிரே என் கால் நின்றுவிட்டது. தீப மையில் மலை. அடிவாரத்தில் சாணித்தாளில் பொம்மைபோல ஒரு பையன், முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறான். கீழ் மூலையில் பழுப்பேறிய ஒரு துண்டுத் தாள். போகாதே. அடுத்த பக்கத்துல புலி இருக்கு. 'பு'வின் சுழி எப்போதும்போலப் பெரிதாக. யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தமாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், சத்தியமாகத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அத்தனை பெற்றோர் நடுவில் கூச்சல் போட்டேன். "இது என் பொண்ணு எழுத்து! செத்துப்போன என் பொண்ணு எழுத்து! யாரக் கேட்டு வெட்டினீங்க? இப்பவே பிரிச்சுக் குடுங்க!" டீச்சர் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் நூலகத்துக்கு வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஈரத்துணி வைத்து ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாராம். பசையோடு பென்சில் கரியும் சேர்ந்து வந்ததாம். "இன்னும் தேச்சா எழுத்தே போயிடும் மேடம். எனக்குத் தெரியாம போச்சு. யாரோ ஒரு கொழந்தை, ரொம்ப நல்ல கொழந்தைன்னு நெனச்சு வெச்சேன். படத்த அப்படியே நீங்க வெச்சுக்குங்க" என்றார்.

"எம் பொண்ண ஆணியடிச்சு மாட்டச் சொல்றீங்களா? எடுத்துனு போங்க" என்றேன். பிழை என்னுடையது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

அதோடு பேச்சு நின்றது. ஆனால் அவர் வருவது நிற்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் வந்து குழந்தைகள் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகம் எடுத்துப்போவார், அடுத்த சனிக்கிழமை திருப்பித் தருவார். தலை நரைக்க ஆரம்பித்த பெண்பிள்ளை, வீட்டில் குழந்தை குட்டி கிடையாது, முயல் கதையும் ராஜா கதையும் எதற்கு? எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அவர் எதிரிலேயே புத்தகத்தின் தையலை விரலால் தடவி, பிளேடு பட்டிருக்கிறதா என்று சோதிப்பேன். ஒருதடவைகூடப் பட்டிருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, "மேடம், இதுல ஒரு எடம் பாருங்களேன்" என்று பக்கத்தைப் பிரிக்கப் போனார். "பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, நகருங்க" என்றேன். நகர்ந்துவிட்டார். பின்னால் ஒரே ஒருவர்தான் நின்றிருந்தார், அவருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

டீச்சர் இறந்த அன்று, எடுப்பதற்கு முன் போய் முகம் பார்த்தேன். வீட்டுக்காரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்தப் படங்க எல்லாத்தையும் யாராவது எடுத்துனு போனா தேவலைங்க. விளக்கு வெச்சப்புறம் அந்த ரூமுக்குள்ள போவவே பயமா கீது" என்றார். பிறகு ஒரு டிராயிங் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "படுத்த படுக்கையா இருக்கசொல்லவே சொன்னாங்க. 'நான் குடுத்தா லைப்ரரி மேடம் வாங்கமாட்டாங்க, நீ குடு'ன்னு."

நோட்டில் படம் ஒன்றும் இல்லை. பக்கம் பக்கமாகக் கோடு போட்ட கட்டங்கள். நூலகப் பதிவு எண், பக்கம், மேல் ஓரமா கீழ் ஓரமா என்று குறிப்பு. மொத்தம் முப்பத்தோரு வரி. முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'குழந்தைகள் அலமாரி முழுவதையும் படித்துவிட்டேன். வசந்தி எழுதியிருக்கும் இடங்கள் இவை. என்ன எழுதியிருக்கிறாள் என்பதை நான் நகலெடுக்கவில்லை. எடுத்தால் அது என் கையெழுத்தாகிவிடும்.'

நோட்டை வைத்துக்கொண்டு அலமாரியின் கீழே, அவள் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் புத்தகங்களைப் பிரித்தேன். நான் அடித்த பிறகு நூலகத்துக்கு வந்த புத்தகங்களில்கூட எழுதியிருக்கிறாள், கழுதை! பயந்து நிறுத்திவிட்டாள் என்றல்லவா இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தேன். 'இந்த ராஜா பொய் சொல்றான், நம்பாதே.' 'அழாதே, கடைசில உங்கம்மா வந்துடுவாங்க.' இன்னொன்றில், கதை பாதியில் நிற்கும் இடத்தில், அவசரமான கோணல் எழுத்தில்: 'எங்கம்மா வராங்க. அப்புறம் எழுதறேன்.'

முப்பது புத்தகம் பார்த்துவிட்டேன். அந்த 'அப்புறம்' எதிலும் இல்லை.

புலிப் படத்தை டீச்சர் வீட்டிலிருந்து கொண்டுவந்து என் வீட்டு வாசற்கதவின் உள்பக்கம் மாட்டியிருக்கிறேன். தினம் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் பெண் போகாதே என்கிறாள். ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறேன். ஆனால் பங்கஜம் டீச்சரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த நோட்டுதான். பத்து வருஷச் சனிக்கிழமைகள் அதில் இருக்கின்றன. நான் விரலால் தையலைத் தடவி அவமானப்படுத்திய புத்தகங்களின் எண்கள் அதில் இருக்கின்றன.

முப்பத்தோராவது புத்தகம் அலமாரியில் இல்லை. பச்சை அட்டை, மேலே யானை மீது ஒரு பெண். பதிவு எண் 4127. அவர் படித்துக் குறித்த பிறகு யாரோ எடுத்துப்போயிருக்கிறார்கள், திரும்பி வரவில்லை. யார் எடுத்தது என்று பார்க்கலாமென்றால் அந்த வருஷத்துப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஐம்பத்தெட்டாம் பக்கம், கீழ் ஓரம் என்று நோட்டில் இருக்கிறது. அங்கே என் பெண் என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரிந்த ஒரே ஆள் பங்கஜம் டீச்சர். "ஒரு எடம் பாருங்களேன்" என்று அவர் கேட்டபோது நான் பார்க்கவில்லை. இனி கேட்க அவர் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள்தான். அந்தப் புத்தகம் உங்களில் ஒருவர் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ கிடக்கிறது. ஏன், எப்போது என்று ஒரு கேள்வி கேட்கமாட்டேன். கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போங்கள். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தால், நூலகத்துப் புத்தகம் ஆயிற்றே, லைப்ரரி அம்மா கோபிப்பாளே என்று ரப்பர் போட்டு அழித்துவிடாதீர்கள்.