ஓவர்சியரின் மாட்டுக்கறி ஒத்திகை

பெரியகுளம் பயணியர் பங்களாவில் நான் பரிமாறும் வேலையில் இருந்தபோது கால்வாய் ஓவர்சியர் ஒருவர் வந்து தங்கினார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்துவரை பூட்டிய கோட்டு. எதைத் தொடுமுன்னும் விரலைத் துண்டில் துடைத்துக்கொள்வார். முட்டைகூடத் தொடாத குடும்பம். மறுநாள் வெள்ளைக்காரத் துரையோடு மாட்டுக்கறி விருந்து. துரை மனம் குளிர்ந்தால் பதவி உயர்வு. அதற்காக அந்தத் தியாகி ஊத்தப்பத்தைக் கத்தியால் அறுத்து, நன்னாரி சர்பத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் உறிஞ்சிப் பழகினார்.

“ஏப்பா, மாட்டுக்கறியோட குடிக்க எதை ஊத்திக்கணும்?”

“செவப்பு ஒயினுதாங்கய்யா. பிராந்திய ஊத்துனா துரைமாரு சிரிப்பாக.”

“சிரிச்சா என் உயர்வு போச்சு! பிராந்தியை என் கண்ணுலயே காட்டாதே.”

துரை வந்தார். வயிறு சரியில்லை என்று மோர்சாதம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஓவர்சியரைக் கூச்சப்படாமல் சாப்பிடச் சொன்னார். ஓவர்சியர் கண்ணை இறுக மூடி முதல் துண்டை விழுங்கினார். ஒயினையும் மருந்துபோல் குடித்தார்.

துரை கிளம்பிப் போனதும் தட்டை எடுக்கப் போனேன்.

“இருக்கட்டும்ப்பா. துரைக்குன்னு சமைச்சது அப்படியே இருக்குமே, கொண்டா. ஒயினு மிச்சமிருக்கா?”

எல்லாம் பதவிக்காகப் பட்ட கஷ்டம் என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார். பார்க்கத் துரையே இல்லாத மேசையில் அந்த இரண்டாவது தட்டு யார் மனத்தைக் குளிர்விக்க என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.