மாமனார் வீட்டுச் சாப்பாடு

மொட்டை மாடிக் கொடியில் என் வயிற்று பெல்ட் காய்ந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட அகலமான எலாஸ்டிக் பெல்ட் அது. வியர்வை நாற்றம் ஏறிவிடுவதால் அடிக்கடி துவைக்க வேண்டும். எதிர்வீட்டு மாடியில் எந்நேரமும் யாராவது நிற்பார்கள் என்பதால், அதைக் கொடியின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துப் போடுவேன். நிழலில் அது சீக்கிரம் காயாது. ஈரத்தோடு கட்டிக்கொண்டு தோல் வெந்துபோனதும் உண்டு. அன்று மாமனார் மாடிக்கு வந்தார். பெல்ட்டை எடுத்து வெயில் படும் நடுக்கொடியில் போட்டு கிளிப் மாட்டினார். பிறகு தம்முடைய வேட்டி ஒன்றை உதறி, எதிர்வீட்டுக்குத் தெரியாதபடி அதற்கு முன்னால் விரித்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை. நான் ஒளித்து வைத்ததை இவர் பார்த்துவிட்டாரே என்று உடம்பு கூசியது.

அவர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். குருசுக்குப்பத்தை ஒட்டிய தெருவில், முதல் மாடியில் வீடு. மாமியார் இறந்தபின் தனியாகத்தான் இருந்தார். விடிவதற்கு முன் எழுந்து சவரம் செய்து, தேய்த்த பேன்ட் போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வருவார். நடுவயதில் தைத்த பேன்ட்டுகள் எழுபது தாண்டியும் அவருக்குச் சரியாக இருந்தன. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அந்த வீட்டில்தான், நாற்பத்தெட்டு வயதில், ஒரு பெட்டியும் ஒரு மாத்திரைப் பையுமாக நான் போய்ச் சேர்ந்தேன்.

அதற்குமுன் கதிர்காமத்தில் எனக்குச் சொந்தமாக ஏசி ரிப்பேர் கடை இருந்தது. ஏணியில் ஏறி, வெளியே மாட்டும் பெரிய யூனிட்டைத் தோளில் வாங்கிச் சுவரில் பொருத்துகிற வேலை. அந்தத் தோளை நம்பித்தான் எங்கள் குடும்பம் நடந்தது. பெருங்குடலில் கட்டி வந்து அடைத்துக்கொண்டது. கெட்ட கட்டி இல்லை என்றார்கள், ஆனாலும் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. வெட்டிய இடம் ஆறும்வரை வயிற்றில் துளை போட்டுப் பை வைத்தார்கள். சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து, பையை எடுத்துவிட்டுக் குடலைப் பழையபடி சேர்த்தார்கள். கடையை மூடினேன். வாடகை வீட்டைக் காலி செய்தோம். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் மனைவிதான், "அப்பா வீட்டுக்குப் போயிடலாம், பகல்ல உங்கள பாத்துக்க ஆள் வேணும்" என்றாள். மகள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். வேறு வழியும் இல்லை.

முதல் ஆபரேஷன் முடிந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தேன். அப்போது எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். பரிதாபத்தைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. இரண்டாவதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் எனக்குச் சொல்லி வைக்காதது. கீரை வேண்டாம், பச்சைக் காய்கறி கொஞ்ச நாளைக்கு வேண்டாம், எளிதில் செரிப்பதைச் சாப்பிடுங்கள் என்று அனுப்பினார்கள். மாமனார் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். குழைந்த சோறு, வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி, மாலையில் கெட்டியான சூப் என்று அவரே சமைத்தார். நான் தின்றேன். தின்றுவிட்டுத் தூங்கினேன். எடை கூடிக்கொண்டே போனது. முகம் உப்பி, கன்னம் தொங்கி, தழும்புக்குக் கீழே தொப்பை ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. பெல்ட்டின் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடாத நாள் வந்தது. நான் மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதைக் கதவருகில் நின்று பார்த்த மனைவி, "பெரிய சைஸ் வாங்கியாறேன்" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் வேலை பார்க்கும் கடையிலேயே எனக்குப் பெரிய சைஸ் கேட்கப் போகிறாள் என்று நினைத்தபடி பெல்ட்டைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

சோர்வு இன்னும் மோசம். தூங்கி எழுந்தால் போய்விடும் களைப்பில்லை அது. குளித்துவிட்டு வந்து சட்டைப் பொத்தான் போடுவதற்குள் உட்கார வேண்டியிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கை இல்லை. சோம்பேறி ஆகிவிட்டேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன்.

ஒருநாள் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் அவசரத்தில் கீழேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். சத்தம் கேட்டு எழுந்து நான் வெளிப்பக்க மாடிப்படியின் மேல்முனைக்கு வந்தபோது, மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"இருங்க மாமா, நான் வரேன்."

"அங்கயே நில்லுங்க மாப்ள. நீங்க கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு இல்ல?"

படிக்கு ஒருமுறை நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினார். நான் கைலியும் பனியனுமாக மேலே நின்றேன். எதிர்வீட்டு அம்மா துணி பிழிவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். கிழவர் சிலிண்டர் தூக்குகிறார், கொழுத்த மருமகன் நின்று வேடிக்கை பார்க்கிறான். அந்த அம்மாவின் கண்ணில் வேறென்ன தெரிந்திருக்கும்? பனியனைத் தூக்கித் தழும்பைக் காட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றோம். கோயிலில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாதவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் வயிற்றில் லேசாகத் தட்டி, "என்னாப்பா, மாமனார் வீட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்கிச்சு போல" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமனார் சிரிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பற்றி அதே எண்ணம்தான், அதனால்தான் சிரிக்காமல் நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதன்பின் பூசைக்குப் போவதை நிறுத்தினேன். பழைய வாடிக்கையாளர்கள் போன் செய்தால் எடுப்பதில்லை. மதியம் சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கிவிடுவேன், மாலையில் பசி தாங்காமல் அடுப்படியில் நின்று ரொட்டியை வெண்ணெயில் தோய்த்துத் தின்பேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் வாயைத் துடைத்துக்கொள்வேன்.

டாக்டரிடம் மறுபடி காட்டப் போனபோது மாமனாரும் கூட வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவரு நல்லா இல்ல டாக்டர். பகல்லாம் தூங்குறாரு. தூங்குறதுக்கு வெக்கப்படுறாரு. சாப்புடுறாரு, அதுக்கும் வெக்கப்படுறாரு. வெளிய வர்றதில்ல. இது சோம்பேறித்தனமா, நோயான்னு நீங்க அவருகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு."

எனக்குக் காது சுட்டது. டாக்டர் ரத்தம் பார்த்தார். இரும்புச் சத்து மிகவும் குறைந்திருந்தது. இரண்டு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் இப்படிச் சோர்வு இருப்பது உண்டு என்றும், அசையாமல் கிடந்து மாவுச்சத்தையே சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும் என்றும், பட்டினி கிடந்து அதைக் குறைக்கப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார். மாத்திரை எழுதினார். காய்கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொன்னார். முடிந்த மட்டும் நடக்கச் சொன்னார். வெளியே வந்ததும் மாமனார், "வெண்ண போட்டது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து சூப்பில் காய்கறியை வேகவைத்து, அரைத்து வடிகட்டி ஊற்றினார்.

விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் நடப்பதற்கு நன்றாக இருக்கும். மாமனாரோடு நானும் கிளம்பினேன். முதலில் தெருமுனை வரைக்கும்தான் என்னால் முடிந்தது. பிறகு சாலை தொடங்கும் இடம் வரை, பிறகு இன்னும் சற்றுத் தூரம். அவருடைய வேகத்துக்கு நான் ஈடுகொடுக்க முடியாது. அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார், ஆனால் குறைத்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் திணறும் இடத்தில் நின்று, கடலில் ஏதோ படகைப் பார்ப்பதுபோல் கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொள்வார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய குளிர் நாட்களில் ஒரு காலை. மாமனார், பாரீசில் இருக்கும் தம் மகன் அனுப்பிய ஸ்வெட்டர் போட்டிருந்தார். குடலைச் சேர்த்த பிறகு எனக்கு வெளிக்கு வந்தால் அடக்க முடிவதில்லை. அறிவிப்பே இல்லாமல் வரும். அன்று சாலையின் நடுவே வந்தது. எங்கே ஓடுவது என்று பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெளிர் நிறப் பேன்ட். தொடைவழியாக இறங்குவது தெரிந்தது. காலை நடையில் ஊரே அங்கே இருந்தது. நான் கடலைப் பார்த்துத் திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே அலை மோதும் பாறைகள்மேல் விழுந்துவிட்டால் என்ன என்று தோன்றியது உண்மை.

மாமனாருக்குப் புரிந்துவிட்டது. ஸ்வெட்டரைக் கழற்றினார். என் பின்னால் வந்து, அதன் இரண்டு கைகளையும் என் வயிற்றின் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். "நடங்க மாப்ள. நான் ஒட்டி வரேன். திரும்பிப் பாக்காதீங்க" என்றார்.

சாலையை விட்டு இறங்கும் இடத்தில் பாட்டு மாஸ்டர் எதிரே வந்துவிட்டார். "என்னா, இதுக்குள்ள திரும்பிட்டீங்க?" என்று வழியை மறித்து நின்றார். நாற்றம் அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர் மூக்கு சுருங்கியதை நான் பார்த்தேன். மாமனார் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"எனக்கு வயிறு கெட்டுப் போச்சு மாஸ்டர். அடக்க முடியல. மாப்ள வீட்டுக்கு இட்டுக்கினு போறாரு. வழி விடுங்க."

தேய்த்த பேன்ட்டுக்குப் பெருமைப்படும் மனிதர் இதைச் சொன்னார். மாஸ்டர் பதறி விலகினார். நான் தலைகுனிந்து அவரைக் கடந்து நடந்தேன்.

வீட்டில் அவர் வெந்நீர் போட்டு வாளியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். குளித்து வந்து பார்த்தால், பேன்ட்டும் ஸ்வெட்டரும் டெட்டால் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன.

"நீங்க ஏன் மாமா இதெல்லாம் தொட்டீங்க?"

"நான் ஊறத்தான் வெச்சேன். தொவைக்கிறது நீங்க."

துவைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "மாஸ்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கெழவனுக்கு வயிறு கெட்டா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. நீங்க இந்த ஊருல இன்னும் கட தொறக்கணும்."

அவர் கணக்கு முழுதும் சரியாகிவிடவில்லை. மாஸ்டர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார், ஆனால் பலரிடமும் சொல்லிவிட்டார். கோயிலில் மாமனாருக்குக் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி நாற்காலி போட்டார்கள். மாதுளைத் தோலைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு கல்யாண விருந்தில் பரிமாறியவர் அவர் தட்டில் வைக்க வந்த பிரியாணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு தயிர்ச் சோறு வைத்தார். "மாப்பிள்ளைக்கு நல்லா வைங்கப்பா" என்று பக்கத்தில் இருந்த என் தட்டில் கறியைக் குவித்தார்கள். பிரியாணி என்றால் மாமனாருக்கு உயிர். அவர் தயிர்ச் சோற்றைப் பிசைந்து, நிதானமாகத் தின்று முடித்தார். நான் கறியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தேன். என் தொப்பை மேசை விளிம்பில் இடித்தது. அன்று அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்ததுபோல் நான் என் உடம்பை வேறு எங்கும் வெறுத்ததில்லை.

கடையைத் திறந்தேன். இப்போது ஏணி ஏறுவதில்லை. ஏசிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளை மட்டும் வாங்கி, மேசையில் உட்கார்ந்தபடியே சரிசெய்து கொடுக்கிறேன். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படுத்துக்கொள்வேன். எடை கொஞ்சம் இறங்கியது. பிறகு நின்றுவிட்டது, பழைய உடம்பு திரும்பவில்லை. மாமனாரை ஒரு முற்பகலில் மாரடைப்பு கொண்டுபோயிற்று. காலையில் நடந்துவிட்டு வந்து, சூப்புக்குக் காய் நறுக்கி வைத்திருந்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் காபி கொடுத்தோம். அவர் எவ்வளவு நேர்த்தியாக உடை உடுத்துவார் என்று யாரோ சொன்னார்கள். பாட்டு மாஸ்டர் பெருமூச்சு விட்டு, "பாவம், கடைசி காலத்துல வயிறுதான் அவர அசிங்கப்படுத்திடுச்சு. பீச் ரோட்டுல ஒருநா நானே பாத்தேன்" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். என் மனைவி காபித் தட்டோடு அப்படியே நின்றாள். அவளுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

"அது அவரு இல்ல மாஸ்டர்" என்றேன். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "எனக்குத்தான் பேன்ட்டுல போயிடுச்சு. கொடல் ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படி ஆவும். அவரு ஸ்வெட்டரக் கழட்டி எனக்குக் கட்டிவிட்டாரு. உங்ககிட்ட பொய் சொன்னாரு. அவரு வயித்துக்கு ஒண்ணும் இல்ல. கடைசி நாள் வரைக்கும் நல்லா இருந்தாரு."

வெட்கத்தில் என் முகம் எரிந்தது. தலைகுனிந்தால் என் வயிறுதான் தெரியும் என்பதால் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். மெதுவாகப் பேசத் தெரியாத அந்த மனிதர், எனக்கு மட்டும் கேட்கும்படிக் கேட்டார்.

"இப்ப எப்படிப்பா இருக்குது?"

"சோர்வாத்தான் இருக்குது மாஸ்டர்" என்றேன். "இப்பக்கூட படுத்தாத் தூங்கிடுவேன்."

மனைவி தட்டை வைத்துவிட்டு உள்ளே போய், தலையணை எடுத்துப் போட்டாள். அத்தனை பேரும் கூடத்தில் இருக்கும்போதே நான் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டேன்.