தோல் தெரிய வாரும் சீப்பம்மா

சீப்பம்மா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் இரண்டாவது மகன் வாயிலிருந்து. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, குழாயைப் பார்த்தபடி சொன்னான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாததை எல்லாம் அவன் குழாயிடம்தான் சொல்வான். அவன் அப்பாவும் அப்படித்தான்.

"அம்மா, நான் சொன்னேனே ஒரு பொண்ணு, அவ அம்மாவை எல்லாரும் சீப்பம்மான்னுதான் கூப்பிடுவாங்க."

"ஏன், சீப்பு விக்கிறாங்களா?"

"இல்ல. மிருக ஆஸ்பத்திரியில நாய்க்கு முடி வாருறாங்க."

மனதுக்குள் எங்கள் வம்சத்தையே புரட்டிப் பார்த்தேன். என் அப்பா வழியில் ஐந்து தலைமுறை, அம்மா வழியில் நான்கு தலைமுறை, யார் யாருக்குப் பெண் கொடுத்தார், யார் யாரோடு எதற்காகப் பேச்சை விட்டார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அத்தனை பேரில் தச்சர் உண்டு, தையல்காரர் உண்டு, வேலைக்குப் போகிறேன் என்று சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பி வருஷம் முழுவதும் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்த பெரியப்பாகூட உண்டு. நாய்க்குத் தலைவாருகிறவர் ஒருவரும் இல்லை.

பெண்ணை நேரில் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அதனால் உறவில் யார் கேட்டாலும், "பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறாங்க" என்று சொல்லி வைத்தேன். பொய் இல்லையே! எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்கவில்லை. நானாகவும் வாயைத் திறக்கவில்லை.

அவர் கதையை அப்புறம்தான் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருடைய அப்பா மெத்தைக்காரர். பழைய மெத்தையைப் பிரித்து, கட்டி தட்டிப்போன பஞ்சை உதிர்த்து, மறுபடி அடைத்துத் தைத்துக் கொடுப்பார். வீட்டில் ஐந்து பெண்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஐந்து பேரும் பஞ்சு மூட்டையைச் சுற்றி உட்கார வேண்டும். சீப்பம்மா மூன்றாவது. கண்ணை மூடிக்கொண்டு கட்டியைக் கண்டுபிடிப்பதில் அவரை மற்ற நால்வரும் மிஞ்ச முடியாதாம். அவருக்கு முப்பத்தொரு வயதில் கணவர் இறந்துவிட்டார். இரண்டு பெண் குழந்தைகள். மிருக ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

ஒருநாள் காத்திருக்கும் இடத்தில், பெஞ்சுக்கு அடியில் ஒரு குட்டை நாய் காதைச் சொறிந்து சொறிந்து முனகிக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் எலுமிச்சை அளவுக்குச் சிக்கு. இவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, பஞ்சு உதிர்ப்பதுபோல விரலாலேயே அதை உதிர்த்திருக்கிறார். டாக்டர் உள்ளே கூப்பிடுவதற்குள் நாய் தூங்கிவிட்டது. மறுவாரம் டாக்டர் பின்னறையைக் காலி செய்து, ஒரு மேசையும் ஒரு தண்ணீர்க் குழாயும் கொடுத்தார். அந்த அறைக்கு ஒரு ஜன்னல். கல்யாணப் பேச்சு வந்தபோது அந்த ஜன்னலடியில் இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது என் தம்பியின் கதைக்கு வருகிறேன். இரண்டும் ஒரே கதைதான்.

என் தம்பி பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய் ஆறு வருஷம். பிள்ளைகள் வெளியூரில். பக்கத்துத் தெருவில் அவனும் அவன் நாயும் மட்டும். நாயின் பெயர் கரடி. பெயருக்கேற்ற உருவம், கறுப்பு முடி தரையைத் தொடும். தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து அதைச் சீவிவிடுவான். போகிறவர் வருகிறவர் எல்லாம் "கண்ணாடி மாதிரி இருக்கே!" என்று சொல்லாமல் தாண்ட முடியாது. சொல்லாதவர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்ல வைப்பான்.

அந்தக் கரடிக்கு ஒன்பது வயதில் பின்னங்கால் ஒன்று இழுக்க ஆரம்பித்தது. டாக்டரிடம் காட்டினான். வயசாகிறது, இடுப்பு தேய்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாதத்தில் படியேற முடியவில்லை. தொட்டால் உறுமல். கடைசியில் எழுந்திருப்பதையே விட்டுவிட்டது. "அது படுற பாட்டை என்னால பார்க்க முடியல அக்கா" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கே வந்து ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைக்கும்படி ஒரு டாக்டரிடம் சொல்லிவிட்டான். அதைச் சொன்னபோது அவன் குரல் எங்கள் அம்மா போன அன்று இருந்ததுபோல இருந்தது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சம்பந்தி வீட்டார் கல்யாணத் தேதி பேச வந்தார்கள். தம்பி வீட்டுக் கூடம் பெரியது என்பதால் அங்கேதான் எல்லோரும் உட்கார்ந்தோம். சீப்பம்மா ஒல்லியான உருவம். கை மட்டும் ஆண்பிள்ளைக் கைபோல. தேநீர் கொடுத்ததும் தம்பி முதல் வேலையாகக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான்.

"ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு அக்கா சொன்னாங்க. இந்த முட்டியைக் கொஞ்சம் பாருங்களேன். மடக்கினா கடக்குன்னு சத்தம் வருது."

நான் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். சீப்பம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அண்ணா, எனக்கு நாலு கால் இருக்கிறவங்க வைத்தியம்தான் கொஞ்சம் தெரியும். அதுவும் முடி மட்டும். நீங்க இன்னும் ரெண்டு கால் முளைச்சதும் வாங்க, பார்க்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் சுட்டது. அந்தச் சிரிப்பில்தான் மூலையில் படுத்திருந்த கரடி தலையைத் தூக்கியது. வயசாகிவிட்டது, எழுந்திருக்காது, வெள்ளிக்கிழமை ஊசி போடப் போகிறோம் என்று தம்பி சொன்னான். சீப்பம்மா எழுந்து போய் அதன் அருகே தரையில் உட்கார்ந்தார். மோந்து பார்க்கக் கையைக் கொடுத்துவிட்டு, முதுகில் உள்ளங்கையை வைத்து லேசாக நகர்த்தினார். முடி பிரியவில்லை. ஒரு போர்வையைத் தள்ளியதுபோல முழு முதுகும் சேர்ந்து நகர்ந்தது.

"இதை எதால சீவுறீங்க அண்ணா?"

தம்பி பெருமையாக எடுத்துவந்து காட்டினான். முப்பது வருஷம் தன் சீருடையில் தூசி தட்டிய பிரஷ். பூனை ரோமம்போல மெத்தென்று இருக்கும்.

"இது மேல்வாரல்" என்றார் சீப்பம்மா. "மேல பளபளன்னு இருக்கும். அடியில ஒண்ணோடொண்ணு பின்னிக் கம்பளமா ஆயிடும். முடியைப் பிரிச்சுத் தோல் தெரியணும். தோல்ல இருந்து நுனிவரைக்கும் இரும்புச் சீப்பு தடுக்காம வரணும். அதுதான் வாருறது."

தம்பிக்கு முகம் மாறிவிட்டது. "ஒன்பது வருஷமா ஒருநாள் விட்டதில்ல. என் நாய் அழுக்குன்னு சொல்ல வந்தீங்களா?"

"அழுக்குன்னு சொல்லல. அது வயசால நடக்காம இருக்கா, இல்ல இந்தக் கம்பளம் பிடிச்சு இழுக்குதான்னு தெரியலைன்னு சொல்றேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால ரெண்டு நாள் இருக்கு. எனக்குக் கொடுங்க."

கல்யாணத் தேதி பேச வந்த இடத்தில் நாய்க்குத் தேதி பேசிக்கொண்டிருந்தார்கள்! தம்பி பிரஷைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

சீப்பம்மா ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு, புதன்கிழமை காலை பிஸ்கட் டப்பா ஒன்றில் சீப்புகளை எடுத்துக்கொண்டு வந்தார். நானும் போனேன், தம்பி வாய்த்துடுக்காக ஏதாவது சொல்லிச் சம்பந்தம் முறிந்துவிடக் கூடாதே என்ற பயம். அவர் வேலை செய்த விதத்தை அன்றுதான் பார்த்தேன். ஒரு விரல் அகலம் முடியைப் பிரிப்பார். சிக்கின் அடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். இழுப்பு தோலுக்குப் போகாது, அவர் விரலுக்குத்தான் போகும். நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவார். கரடி உறுமினால் கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருமுறை மணிக்கட்டைக் கவ்வியே விட்டது.

"ஐயோ, கடிச்சிருச்சு!" என்று நான் கத்தினேன்.

"கடிக்கல சம்பந்தியம்மா, சொல்லுது. வலிச்சா யாரா இருந்தாலும் கடிப்பாங்க. பிரசவத்துல நான் நர்ஸைக் கடிச்சேன்."

சாயங்காலத்துக்குள் கழுத்தும் முதுகும் முடிந்தன. பக்கத்தில் ஒரு தலையணை திணிக்கும் அளவுக்கு முடி. தொடையிடுக்கும் வயிறும் பாக்கி. "நாளைக்கு அதை எடுத்திடலாம். காலை இழுக்கிறது அங்கதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி அன்று முழுவதும் உள்ளறையில் இருந்தாலும் கதவைச் சாத்தவில்லை. அவர் போனதும் தான் ஒன்றும் செய்யவில்லையே என்று அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். வெந்நீர் வைத்து, சோப்புப் போட்டு, மிச்சமிருந்த சிக்கெல்லாம் இளகட்டும் என்று நாயைக் குளிப்பாட்டிவிட்டான். நல்ல எண்ணம்தான்.

வியாழக்கிழமை காலை சீப்பம்மா வந்து தொடையிடுக்கில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமலே கேட்டார்.

"யாரு குளிப்பாட்டினது?"

"நான்தான். ஊறி இளகட்டும்னு…"

"அண்ணா, கம்பளிச் சட்டையை வெந்நீர்ல போட்டு எடுத்தா என்ன ஆகும்?"

"சுருங்கும்."

"அதேதான் இது. நேத்து உதிர்த்திருக்கலாம். இன்னிக்கு இது தோல் செருப்பு. வாரி முடிச்சுட்டுத்தான் குளிப்பாட்டணும். எப்பவும்."

அவர் கத்தவில்லை. தம்பி முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவன். எத்தனையோ பயணிகள் திட்டியும் அசையாதவன். அன்று நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்போ நாளைக்கு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"நாளைக்கு நாளைக்குத்தான் வரும். இப்ப தலையைப் பிடிங்க. அதுகிட்டப் பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேச?"

"பஸ் நிறுத்தம் பேரை எல்லாம் வரிசையா சொல்லுங்க."

சொன்னான். தன் பழைய தடத்தின் ஒவ்வொரு நிறுத்தமாக, இறங்குகிறவர்களைக் கூப்பிடுகிற அதே குரலில். கரடி காதை நிமிர்த்திக் கேட்டது. சீப்பம்மா கத்தரியை எடுத்தார். தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் முதலில் சீப்பைச் செருகுவார். சீப்புக்கு மேலேதான் கத்தரி போகும். சீப்பு நுழையாத இடத்தில் கத்தரியும் நுழையாது. அது அவருடைய சட்டம். ஒரு தடவைக்கு நாலு முடி, ஐந்து முடி. தம்பி கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்தான், மறுபடி போனான். மத்தியானச் சாப்பாட்டை நான் ஒருமுறை சூடாக்கி வைத்தேன், அதுவும் ஆறிவிட்டது.

மூன்று மணி இருக்கும். சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு திரள் அவர் கையோடு வந்தது. அதுதான் தொடையையும் வயிற்றையும் சேர்த்துத் தைத்ததுபோலப் பிடித்திருந்தது. காலை நீட்டும்போதெல்லாம் தோலைப் பிய்த்திருக்கிறது. அடியில் புண், சிவந்து ஈரமாக. யாரையும் தொடவிடாததால் டாக்டர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. சீப்பம்மா தன் ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஃபோன் செய்து கேட்டு, புண்ணைத் துடைத்து மருந்து வைத்தார்.

"விடுங்க அண்ணா."

தம்பி கையை எடுத்தான். கரடி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு முன்னங்காலை ஊன்றி எழுந்தது. பின்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது, ஒருமுறை, இன்னும் ஒருமுறை, தன் கால்தானா என்று சந்தேகப்பட்டதுபோல. இழுப்பு முழுக்கப் போகவில்லை. இடுப்புத் தேய்மானம் உண்மைதானே. ஆனால் கூடத்தைத் தாண்டி, மூன்று படி இறங்கி, வாசலில் போய் நின்று, எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்து நாலு மாதத்தில் முதல்முறையாகக் குரைத்தது.

தம்பி ஃபோனை எடுத்தான். "டாக்டர், நாளைக்கு வர வேண்டாம்" என்றான். மீதியை நான் சொல்லும்படி ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டான்.

மன்னிப்புக் கேட்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது. அவன் உள்ளே போய் அந்தச் சீருடை பிரஷை எடுத்துவந்து சீப்பம்மா முன்னால் வைத்தான். "இதை என்ன செய்யட்டும்?"

"சட்டைக்கு வச்சுக்குங்க. நல்ல பிரஷ்" என்று சொல்லிவிட்டு, தன் டப்பாவிலிருந்து ஒரு இரும்புச் சீப்பை எடுத்துக் கொடுத்தார். "ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பத்து நிமிஷம். தோல் தெரியணும்."

கரடி அதற்கப்புறம் மூன்று வருஷம் நடந்தது. காதுக்கடியில் ஒரு கட்டி வந்தபோது பயறளவிலேயே தம்பி விரலில் தட்டுப்பட்டு, எடுத்தாயிற்று. அந்த மூன்று வருஷமும் வாசலில் உட்கார்ந்து வாரும்போது தம்பி பளபளப்பைக் காட்டவில்லை. முடியைப் பிரித்துத் தோலைக் காட்டினான். பார்த்தவர்கள் பாவம்!

கல்யாணத்தன்று என் ஓரகத்தி, மூக்கால் பேசுகிறவள், கூட்டத்துக்கு நடுவில் கேட்டாள். "பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்களாமே. டாக்டரா, நர்ஸா?"

"நாய்க்கு முடி வாருறாங்க" என்றேன். நாலு வரிசை தள்ளி இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

அவள் மூக்கு சுருங்கியது. நான் விடவில்லை. "உன் வீட்டுல அப்படி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். அவளால் என்ன சொல்ல முடியும், இல்லை என்றுதான் சொன்னாள். பக்கத்தில் நின்ற தம்பி, "எங்க குடும்பத்துல இருக்காங்க" என்றான்.

சீப்பம்மாவுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. அதே ஆஸ்பத்திரியின் பின்னறையில், அதே ஜன்னலடியில் வேலை பார்க்கிறார். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.