ஒரே நூலில் இரு சிறகுகள்

கர்நாடக எல்லையோரம், மூக்கண்டப்பள்ளிக்கு அப்பாலுள்ள வறண்ட ஏரியில் என் மருமகள் தான் வடிவமைத்த சிறு ராக்கெட்டை நிறுத்தினாள். மடித்துக் கட்டிய இறக்கைகளின் நூல் பறப்பின் உச்சியில் எரிந்து அறுந்தால்தான், அவை விரிந்து அது மிதந்து இறங்கும். முந்தைய இரண்டு ராக்கெட்டுகளும் ஓர் இறக்கை முந்தி விரிந்ததால் சுழன்று விழுந்து நொறுங்கின. இதுவும் விழுந்தால் மாணவர் ராக்கெட் போட்டிக்குக் கொண்டுசெல்ல வேறொன்றில்லை. அவள் சோதனைக்காக ஒரு நூலைப் பொசுக்கினாள். அந்தக் கருகல் வாசத்தில் எனக்கு எட்டு வயதாயிற்று.

உத்தனப்பள்ளியில் எங்கள் பெருமாளின் கருட வாகனத்துக்கும் மடங்கும் சிறகுகளே. கோயில் வாயில் அவ்வளவு குறுகல். வெளியே வந்ததும் கற்பூரச் சுடரால் நூலைப் பொசுக்குவார்கள். உள்ளே வளைத்து வைத்த மூங்கில் நிமிர்ந்து சிறகுகளை விரிக்கும். வலச்சிறகைக் கட்டும் உரிமை மேலத்தெருவுக்கு, இடச்சிறகு கீழத்தெருவுக்கு. ஓராண்டு கீழத்தெருவார் பெருமைக்காகத் தடித்த நூலைக் கட்டிவிட்டனர். அது எரிந்து அறுவதற்குள் வலச்சிறகு மட்டும் விரிந்து வாகனம் சாய்ந்தது. வாகனத்தின் தண்டு சுமந்த அப்பா தோள்கொடுத்துத் தாங்கியபடியே கத்தினார்: "சாமியப் பறக்க உடுங்கப்பா! உங்க மரியாதய அப்புறம் பாத்துக்கலாம்!"

மறு ஆண்டு ஒரே நூல், தெருவுக்கு ஒரு முனை. இரு சிறகும் ஒருங்கே விரிந்தபோது, பாசுரம் பாடியவர்கள் குரலை உயர்த்தினார்கள்.

"இந்த வாட்டி ரெண்டுக்கும் ஒரே நூல்தான் மாமா," என்று மருமகள் பொத்தானை அழுத்தினாள்.

ராக்கெட் சீறி ஏறியது. உச்சியில் சிறு புகை எழுந்தது. இறக்கைகள் இரண்டும் ஒரே கணத்தில் விரிந்தன. என் கைகள் தாமாகக் குவிந்தன.

"கும்புட்டது போதும் மாமா! காத்து கர்நாடகா பக்கம் தள்ளுது, ஓடி வாங்க!"