முனியாண்டி வரைக்கும் நிற்காத வண்டி

அன்றைக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய அண்ணன், ஹட்டன் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். பக்கத்துக் காம்பரா அக்கா. அந்த அக்காவின் மகன், வேன் ஓட்டுகிறவன். வேறு யாரும் இல்லை.

சித்திரைப் புத்தாண்டு லீவுக்குப் பயணம் போவது பற்றிப் பேசக் கூடியிருந்தோம். எந்த வழியாகப் போவது, எங்கே சாப்பிடுவது, இதெல்லாம் அவர்கள் பேசினார்கள். நான் ஒன்றை முன்னாலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். யாரை விட்டுவிட்டுப் போவது என்று.

அதற்கு முந்தின வருசம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

என் மனைவி போனில் ஒரு வீடியோ பார்த்தாள். வடக்கே, கடலோரத்தில், மணல் மலை மலையாகக் கிடந்தது. அவள் பிறந்தது முதல் தேயிலை மலையைத் தவிர வேறு பார்த்ததில்லை. போக வேண்டும் என்றாள். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. அண்ணன்தான் வேன் பேசினார். நான் தொழிற்சாலைக் காவல்காரன். லீவு நாளிலும் காவல் உண்டு. எனக்கு லீவு கிடைக்கவில்லை. நீ போய் வா என்றேன்.

எல்லோருக்கும் வழிச் சாப்பாடு அவள்தான் செய்தாள். புளிச்சோறு, பெரிய சட்டி நிறைய. புதுச் சேலை கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடைசி நேரத்தில் அண்ணன் டவுனிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் கடைக்குச் சரக்குப் போடுகிற முதலாளி. சீட் இல்லை. அண்ணன் வண்டிக்குள் ஒரு பார்வை பார்த்தார். தங்கச்சி, நீ இறங்கு என்றார்.

இறங்கினாள். சட்டி இறங்கவில்லை. வண்டி போனது.

நான் காவல் முடித்து வந்தபோது புதுச் சேலையோடு பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றேன். "சீட்டில்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மற்றதெல்லாம் திரும்பி வந்த பிறகு பக்கத்துக் காம்பரா அக்கா சொன்னது. அண்ணன் வந்து போட்டோ காட்டினார். அவள் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

அந்த வருசம் முழுவதும் நான் ஒன்றும் பேசவில்லை. கடைக்குப் போனால் சாமான் வாங்கினேன். கோயிலில் கண்டால் தலையாட்டினேன். காவல்காரனுக்கு யோசிக்க நேரம் நிறைய.

அடுத்த சித்திரைக்கு லீவு எழுதி வாங்கினேன். வேனை நான் பேசினேன். மச்சானையும் வரச் சொன்னேன். வராதீங்க என்று சொல்லியிருக்கலாம். அது போதாது. அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வந்து நிற்க வேண்டும். அவள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அதனால் அன்றைக்கு அவரும் எங்கள் காம்பராவில் இருந்தார். கதிரையில் அவர். பாயில் நாங்கள்.

வேன்காரத் தம்பி போனில் வழி காட்டினான். "ரெண்டு வழி இருக்கு. கினிகத்தேன, நாவலப்பிட்டி, கண்டி. இல்லாட்டி நுவரெலியா ஏறி, ரம்பொட எறங்கி, கண்டி."

"நுவரெலியாதான்" என்றார் மச்சான். "இப்ப வசந்தகாலம். பூவா வச்சிருப்பாங்க. குதிர ஓடும்."

"குதிரய பாக்கவா போறோம்?" என்றார் அக்கா. "சீசனுக்கு அங்கன வண்டி நவுராது. நாவலப்பிட்டி வழியே விடு தம்பி."

"அம்மா, அந்தப் பக்கமும் வளைவுதான். ஒங்களுக்கு வாந்தி வரும்."

"வந்தா ஒன் தலையிலதான் எடுப்பேன். நீதானே முன்னால இருப்ப."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

என் மனைவி தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே தம்பியிடம் கேட்டாள். "கண்டிக்கு அங்கிட்டு?"

"தம்புள்ள, வவுனியா. அதுக்கப்பறம் ரோடு நேரா கெடக்கும், வளைவே இல்ல. யாழ்ப்பாணம் போயி அதுக்கும் அங்கிட்டு மணற்காடு."

"அங்கன மலையே இல்லியா?"

"மண்ணுதான் மல. காத்தடிச்சா எடம் மாறிரும்."

"மல எடம் மாறுமா?" "அங்கன பறிக்க ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்லக்கா."

"அப்ப போவோம்."

மச்சான் கோப்பையை வைத்தார். "என்னத்த இருக்கு அங்க? வெறும் மண்ணு. எனக்குக் காலெல்லாம் சுட்டுருச்சு. சரி, ஒனக்கு ஆசையா இருக்கு, போவோம். சுவெட்டர மட்டும் எடுத்துக்கிட்டு வந்துறாத. வெந்துருவ."

தனக்கு ஆசையில்லாத இடத்துக்குத் தங்கைக்காக வருகிற மாதிரி சொன்னார். எனக்குக் காதுக்குள் சூடேறியது. தேத்தண்ணியைக் குடித்தேன்.

பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். "மச்சான், இந்தத் தடவ தேங்கா நீங்கதான் ஒடைக்கணும்."

இது எங்கள் தோட்டத்து வழக்கம். பயணம் கிளம்பும்போது நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்போம். மரியாதைப்பட்ட ஆள் ஒருவர் வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைப்பார். டயர் பழத்தை நசுக்கி உருண்டுவிட்டால், பிறகு வண்டி நிற்கக்கூடாது. மெயின் ரோட்டு முக்கில் முனியாண்டி இருக்கிறார். அங்கேதான் நிற்க வேண்டும், கற்பூரம் கொளுத்த. நடுவில் நின்றால் வழியில் ஏதாவது வரும் என்பார்கள். தேங்காய் உடைத்தவர் வண்டி மெதுவாக உருளும்போதே கதவைப் பிடித்துத் தொத்தி ஏற வேண்டும். உள்ளே இருக்கிறவன் கை கொடுப்பான்.

மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நானா? பெரியவங்க இருக்காங்களே."

"ஒங்களவிட யாரு இருக்கா?" என்றேன்.

கதவுப் பக்கம் நான் உட்காருவது என்று அப்போதே முடிவு.

கிளம்பிய அன்றைக்கு விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. மலை முழுக்கப் பனி. லயத்து ஆட்கள் ஏறிவிட்டார்கள், மச்சானையும் சேர்த்தால் பன்னிரண்டு பேர். சுவெட்டர் போடாதவர் யாரும் இல்லை. மச்சான் வெள்ளைச் சட்டையில் வந்தார், நெற்றியில் விபூதி. குனிந்து நாலு டயருக்கும் பழம் வைத்தார். தேங்காயை ஓங்கி அடித்தார். இரண்டாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று அக்கா சொன்னார்.

வண்டி உருண்டது. பழம் நசுங்கியது. அவர் சிரித்துக்கொண்டே கதவுக்கு வந்தார். நான் உள்ளேயிருந்து பூட்டை அமுக்கினேன்.

கைப்பிடியை இழுத்தார். தட்டினார். கூடவே கொஞ்ச தூரம் ஓடி வந்தார். "டேய் தம்பி! கதவு! கதவு!"

"நிறுத்தவா?" என்று தம்பி பின்னால் பார்த்தான்.

"பழம் நசுங்கிருச்சி" என்றேன். "முனியாண்டியில நிறுத்து."

அவன் ஓட்டினான். என் மனைவி என்னைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியும் இல்லை.

ஒரு வருசம் நினைத்தது கைக்கு வந்துவிட்டது என்று முதல் வளைவு வரைக்கும் இருந்தேன். வளைவு திரும்பியதும் தேயிலைக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டை இறங்கியது.

குறுக்குப் பாதை. லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வண்டி சுற்றிச் சுற்றித்தான் இறங்கும். கால் நேராக இறங்கும். நான் சின்ன வயதிலிருந்து ஓடின படிகள். அவரும் அதே லயத்தில் பிறந்தவர்தான். திட்டம் போடும்போது அந்தப் பாதை என் நினைவுக்கே வரவில்லை. நாளும் நடக்கிறவன், வண்டியில் போகிற துரை மாதிரி ரோட்டை மட்டும் யோசித்திருக்கிறேன்.

வண்டி அவரைத் தாண்டியது. கையைக் காட்டிக் கத்தினார். அடுத்த வளைவிலும் நின்றார். சட்டையில் செம்மண். அதற்கடுத்த வளைவில் ஒரு காலில் செருப்பு இல்லை. பின் சீட்டில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"ஐயோ, மாரடைச்சிறப் போவுது மனுசனுக்கு" என்றார் அக்கா. ஆனால் அவரும் எட்டி எட்டிப் பார்த்தார்.

முனியாண்டி முக்கில் எங்களுக்கு முன்னால் மச்சான் நின்றார். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். கை முழுக்கத் தேயிலை கீறியிருந்தது. தம்பி வண்டியை நிறுத்தி இறங்கிக் கற்பூரம் கொளுத்தினான்.

மச்சான் ஜன்னலுக்கு வந்தார். கோபமில்லை. சிரிக்கப் பார்த்தார். "என்ன மச்சான், பூட்டு மாட்டிக்கிச்சா? இந்தத் தம்பி வண்டிய ஒழுங்கா வச்சிருக்கானா பாரு."

யாராவது வேண்டுமென்றே செய்வார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சர்க்கரை வியாதிக்காரர். உதடு வெளுத்திருந்தது. என் கை பூட்டுக்குப் போனது. உண்மையைச் சொன்னால், போதும் என்று எனக்கும் தோன்றியது.

"இருங்க" என்றாள் என் மனைவி. எனக்குப் பின் சீட்டிலிருந்து எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து பறிக்கிற கை, பிடித்தால் பிடித்ததுதான். மற்றக் கையால் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள்.

"அண்ணே. போன வருசம் நான் ஏன் வரல?"

"எப்ப?"

"மண்ணு பாக்க போனீங்களே. அப்ப."

அவர் முகத்தைத் துடைத்தார். நிஜமாகவே யோசித்தார். "நீதானே வரலன்ன. சமைச்ச அசதின்னு. நான்கூட வாடி வாடின்னேனே."

அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஒரு வருசம் நான் சுமந்தது அவர் தலையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

"அடப் பாவி" என்றார் அக்கா, மெதுவாக.

என் மனைவி அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் மட்டும், ஆமா, எறக்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவளே கதவைத் திறந்திருப்பாள் என்று நினைக்கிறேன். அதற்கும் நிதானமாக நேரம் கொடுத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னடி கேள்வி இப்ப? கதவத் தெற, நேரமாவுது."

கண்ணாடியை இழுத்து மூடினாள். "கற்பூரம் அணைஞ்சிருச்சி தம்பி. எடு."

தம்பி ஏறினான். என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

அப்போதுதான் மச்சானுக்கு விளங்கியது. உள்ளங்கையால் கதவில் அடித்தார். "மச்சான்! வெளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு! ஊர் பாக்குது!"

பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது.

"சீட்டில்ல மச்சான்" என்றேன்.

நோர்வூட் தாண்டும் வரைக்கும் என் போன் அடித்தது. எடுக்கவில்லை. ஹட்டனில் அவர் கடை பூட்டிக் கிடந்ததைப் பார்த்தோம். யாரும் பாவம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது எழுதும்போதும் சொல்லவில்லை. அவர் இன்றைக்கு வரைக்கும் எங்களோடு பேசுவதில்லை. இருக்கட்டும்.

ஹட்டனுக்கு அப்பால் என் மனைவி எழுந்து வந்து அந்தக் காலி சீட்டில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். ரோடு இறங்க இறங்க வெயில் வந்தது. சுவெட்டரைக் கழற்றினாள்.

"இன்னம் எம்புட்டு தூரங்க?" என்றாள்.

"நெறைய" என்றேன்.

கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். கடைக்காரச் சிங்களவர் எத்தனை பிளேன்டீ என்று கேட்டார். நான் திரும்பி, இறங்கி நின்றவர்களை என்னோடு சேர்த்து எண்ணினேன்.

பதினொன்று.